தீராத கணக்குகள்: ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிறு காலை கூடிக் கணக்கு பேசுவது சில வருஷங்களாக நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், அவர்களைக் கூட்டி வரும் அப்பா அம்மாக்கள் வருவார்கள், பேப்பர் படிக்க வந்து எங்கள் மேஜைக்கு நகர்ந்துவிட்ட பெரியவர்களும் உண்டு. ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒரே பதிலை நாற்பதாவது தடவை சொன்ன அன்று எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். பகா எண் என்றால் 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண் (2, 3, 5, 7, 11, 13…) என்பது நினைவிருந்தால் போதும், முக்கால்வாசி புரிந்துவிடும்.

தீராத கணக்கு என்றால் விடை யாருக்குமே தெரியாத கணக்கா சார்?

இல்லை. பல கணக்குகளில் விடை இதுதான் என்று எல்லோருக்கும் கிட்டத்தட்டத் தெரியும். ஏன் அப்படி என்று காட்டத்தான் ஒருவராலும் முடியவில்லை. 1742 ஜூன் 7-ஆம் தேதி மாஸ்கோவிலிருந்து கோல்ட்பாக் என்பவர் பெர்லினில் இருந்த கணித மேதை ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிலிருந்து பிறந்த கணக்கை இன்று இப்படிச் சொல்கிறோம்: 2-ஐ விடப் பெரிய எந்த இரட்டை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம். 28-ஐ எடுத்தால் 5 + 23, 11 + 17 என்று இரண்டு வழி கிடைக்கும். 100-க்கு ஆறு வழி உண்டு, வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

தப்பிய இரட்டை எண் ஒன்றைக்கூட இதுவரை யாரும் பார்த்ததில்லை. சிக்கல் ‘எந்த’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. இரட்டை எண்களுக்கு முடிவு கிடையாது. முடிவில்லாத கூட்டத்தைப் பற்றி முடிவுள்ள ஒரு வாதத்தால் பேச வேண்டும். அந்த வாதத்துக்குப் பெயர்தான் நிரூபணம். அது கிடைக்கிற வரைக்கும் இந்த மாதிரிக் கூற்றை ஊகம் என்போம், கிடைத்த பிறகு தேற்றம்.

கணக்கில்தான் எல்லாம் எப்பவோ கண்டுபிடிச்சாச்சே, இன்னும் என்ன பாக்கி?

இந்த எண்ணம் பாடப்புத்தகத்தால் வருவது. பிளஸ் டூ கணக்கில் பெரும்பகுதி 17-ஆம் நூற்றாண்டில் நியூட்டன், லைப்னிட்ஸ் காலத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்ததுதான் நவீன கணிதம். காஸ் 1801-ல் தன் 24-ஆம் வயதில் எண் கோட்பாட்டை ஒரு துறையாகக் கட்டினார். 1859-ல் ரீமன் பகா எண்களைக் கலப்பெண்களின் (−1-ன் வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கொண்ட எண்களின்) உலகத்துக்குக் கொண்டுபோனார். முடிவிலியிலேயே சின்னது பெரியது உண்டு என்று 1870-களில் கேன்ட்டர் காட்டினார். பாக்கியும் இந்தக் காலத்தில்தான் ஏறியது: ஒன்றுக்கு விடை கிடைத்தால் அதன் முதுகில் இரண்டு புதுக் கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

23 கணக்கு என்கிறார்கள், 7 கணக்கு என்கிறார்கள். யார் போட்ட பட்டியல் அது?

இரண்டும் பாரிஸில் அறிவிக்கப்பட்டவை, நடுவில் நூறு வருஷம். 1900 ஆகஸ்ட் 8-ஆம் தேதி உலகக் கணித மாநாட்டில் டேவிட் ஹில்பர்ட் வரும் நூற்றாண்டுக்கான கணக்குகளைப் பற்றிப் பேசினார். அச்சில் வந்தவை 23, நேரம் கருதி மேடையில் சொன்னவை 10. மூன்றாவதை அவருடைய மாணவர் மாக்ஸ் டேன் அதே வருஷம் தீர்த்துவிட்டார். எட்டாவதில் ரீமன் கருதுகோளோடு (அது கீழே வருகிறது) கோல்ட்பாக்கும் இரட்டைப் பகா எண்களும் (2 வித்தியாசத்தில் வரும் ஜோடிகள், அதுவும் கீழே வருகிறது) சேர்ந்தே உட்கார்ந்திருக்கின்றன. மூன்றும் இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஏழு கணக்குப் பட்டியல் அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000 மே 24-ல் வெளியிட்டது. ஒவ்வொன்றுக்கும் 10 லட்சம் டாலர் பரிசு. ஏழில் தீர்ந்தது ஒன்றே ஒன்று, வடிவங்களைப் பற்றிய புவான்காரே ஊகம். இதைத் தீர்த்தவர் கதை கீழே வருகிறது.

கோடானுகோடி எண் வரைக்கும் கம்ப்யூட்டரில் சரிபார்த்தாச்சு என்றால் அது போதாதா? எதுக்கு இன்னும் இழுத்தடிக்கிறீர்கள்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கொஞ்சம் கோபத்தோடும் கேட்பார்கள். கோல்ட்பாக் ஊகத்தை 4-க்குப் பின்னால் 18 சுழியம் போட்ட எண் வரை சரிபார்த்திருக்கிறார்கள். போர்ச்சுகலின் ஒலிவெய்ரா இ சில்வாவும் கூட்டாளிகளும் செய்த வேலை, 2014-ல் அச்சானது. ஆனாலும் போதாது. ஏன் என்பதற்கு இரண்டு கதை சொல்கிறேன்.

முதல் கதை போல்யாவுடையது. எந்த எண்ணையும் பகா காரணிகளாகப் பிரிக்கலாம். 8 = 2 × 2 × 2, மூன்று காரணி, அதனால் ஒற்றைக் கட்சி. 10 = 2 × 5, இரண்டு காரணி, இரட்டைக் கட்சி. 1-க்குக் காரணியே இல்லை, அதை இரட்டைக் கட்சியில் சேர்ப்பார்கள். 10 வரை எண்ணினால் 2, 3, 5, 7, 8 ஒரு பக்கம், 1, 4, 6, 9, 10 மறு பக்கம். ஐந்துக்கு ஐந்து, சமம். 2-லோ அதற்கு மேலோ எந்த எண்ணில் நின்று 1-லிருந்து அதுவரை எண்ணினாலும் இரட்டைக் கட்சி முந்தவே முந்தாது என்று 1919-ல் போல்யா ஊகித்தார். ஆயிரம், லட்சம், கோடி, பத்துக் கோடி என்று எங்கே நின்று பார்த்தாலும் சரியாகவே இருந்தது. 1958-ல் ஹேசல்குரோவ் அது பொய் என்று நிரூபித்தார். முதன்முதலாக உடைகிற இடம் எது என்று 1980-ல் தெரியவந்தது: 90,61,50,257. தொண்ணூறு கோடி வரைக்கும் உண்மையாக இருந்து அதற்கப்புறம் பொய்யாகிப்போன கூற்று அது.

இரண்டாவது ஆய்லருடையது. ஓர் ஐந்தாம்படி எண்ணை, ஐந்துக்கும் குறைவான எண்ணிக்கையில் ஐந்தாம்படி எண்களைக் கூட்டி எழுத முடியாது என்று அவர் 18-ஆம் நூற்றாண்டில் நினைத்தார். 1966-ல் லாண்டர், பார்கின் என்ற இருவர் கணினியில் தேடி 27⁵ + 84⁵ + 110⁵ + 133⁵ = 144⁵ என்று கண்டுபிடித்தார்கள். கட்டுரை மொத்தமே இரண்டு வாக்கியம். இரண்டு பக்கமும் 6191,73,64,224 வரும். சந்தேகம் இருந்தால் கால்குலேட்டரில் தட்டுங்கள், என் பிள்ளைகள் பேப்பரிலேயே போட்டார்கள். ஆய்லரே ஏமாந்திருக்கிறார் என்றால் ‘இதுவரை சரியாக இருந்தது’ என்பதை எந்த அளவுக்கு நம்புவது?

கொலாட்ஸ் கணக்கு என் பையனுக்கே புரிகிறது. அதை எப்படி இத்தனை பேராலும் போட முடியவில்லை?

எண் இரட்டையாக இருந்தால் பாதியாக்கு, ஒற்றையாக இருந்தால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. 6-ல் தொடங்கினால் 3, 10, 5, 16, 8, 4, 2, 1 என்று எட்டுப் படியில் முடிந்துவிடும். எதில் தொடங்கினாலும் 1-க்கு வந்துதான் சேருமா? 1937-லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 27-ல் தொடங்கிப் பாருங்கள், 9232 வரை ஏறி, 111 படிக்குப் பிறகுதான் இறங்கும். நான் ஒருதரம் கரும்பலகையில் போட ஆரம்பித்து நடுவில் ஒரு கழித்தல் பிழையில் மாட்டிக்கொண்டேன், அன்று முழுக்க அதுவே பேச்சாகிப்போனது.

புரிவது சுலபம் என்பதால் போடுவதும் சுலபம் என்று ஆகிவிடாது. பெருக்கலும் கூட்டலும் கலக்கிற இடத்தில் எண்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று பிடிக்க நம்மிடம் கருவி இல்லை. ஹங்கேரியக் கணிதர் எர்டிஷ் இதற்கு 500 டாலர் பரிசு வைத்திருந்தார், கணிதம் இதற்கு இன்னும் தயாராகவில்லை என்றும் சொன்னார். 2019-ல் டெரன்ஸ் டாவ் ஏறக்குறைய எல்லா எண்களும் கீழே இறங்கிவிடும் என்ற அளவுக்கு நிரூபித்தார். அந்த ‘ஏறக்குறைய’தான் இன்னும் பாக்கி.

ரீமன் கருதுகோளை பத்தாவது படிக்கிற பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

முழுதாக முடியாது. பாதி சொல்கிறேன். 100 வரைக்கும் 25 பகா எண்கள், 1000 வரைக்கும் 168, 10 லட்சம் வரைக்கும் 78,498. போகப்போக அரிதாகின்றன. எந்த வேகத்தில் அரிதாகின்றன என்று காஸ் 15, 16 வயதிலேயே பகா எண் அட்டவணையைப் பார்த்து ஊகித்து வைத்தார். மடக்கையை வைத்த அந்தக் கணிப்பு 10 லட்சத்துக்கு 78,627 வாக்கில் ஒரு விடை தரும். உண்மைக்கும் அதற்கும் 130 வித்தியாசம். இந்தக் கணிப்பு போகப்போக ஒத்துவரும் என்பதை 1896-ல் அடமாரும் தெ லா வல்லே பூசானும் தனித்தனியாக நிரூபித்தார்கள்.

ரீமன் கேட்டது அந்த 130-ஐப் பற்றி. கணிப்பில் வரும் பிழை எவ்வளவு தூரம் போகும்? 1859-ல் எழுதிய ஒரே ஒரு சின்னக் கட்டுரையில், ஜீட்டா என்ற சார்பு எங்கெல்லாம் பூச்சியமாகிறதோ அந்தப் புள்ளிகள்தான் பிழையை ஆட்டிவைக்கின்றன என்று காட்டினார். நமக்கு முக்கியமான பூச்சியங்கள் எல்லாம் மெய்ப்பகுதி ½ ஆக இருக்கும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன என்பது அவர் கருதுகோள். அது உண்மையென்றால் பிழை ஏறக்குறைய எண்ணின் வர்க்கமூல அளவைத் தாண்டாது. 10 லட்சத்துக்கு வர்க்கமூலம் 1000, அதற்கு முன்னால் 130 ரொம்ப அடக்கமான பிழை. அந்தக் கோட்டில் முடிவில்லாமல் பூச்சியங்கள் உண்டு என்று 1914-ல் இங்கிலாந்தின் ஹார்டி நிரூபித்தார். முதல் 10 லட்சம் கோடி பூச்சியங்களைக் கணினியில் பார்த்தாகிவிட்டது, ஒன்றுகூட விலகவில்லை. போதாதா என்று கேட்பவர்கள் போல்யாவின் கதைக்குத் திரும்பிப் போகவும்.

ராமானுஜன் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால் இதையெல்லாம் தீர்த்திருப்பார் இல்லையா?

அன்பில் கேட்கிற கேள்வி, எனக்கும் ஆசைதான். ஆனால் ராமானுஜன் சறுக்கிய இடமே இதுதான். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அவர் 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதத் தொடங்கிய கடிதங்களில், பகா எண்களை மிகத் துல்லியமாக எண்ணித் தரும் சூத்திரம் தன்னிடம் இருப்பதாகச் சொல்லியிருந்தார். சின்ன எண்களுக்கு அது பிரமாதமாக வேலை செய்தது. ஆனால் சூத்திரம் தப்பு. மேலே சொன்ன கலப்பெண் பூச்சியங்களை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுக்க அன்றைக்கு இங்கே அவருக்கு ஆள் இல்லை. இதை எழுதியவர் ஹார்டியே, ராமானுஜன் மேல் அவரைவிட மதிப்பு வைத்தவர்கள் குறைவு.

அவர் சரியாகச் சொன்னதன் ஆழம் வேறு இடத்தில் இருக்கிறது. 1916-ல் டௌ என்ற சார்பைப் பற்றி எழுதினார். டௌ(2) = −24, டௌ(3) = 252, இரண்டையும் பெருக்கினால் −6048, அதுதான் டௌ(6). இந்தப் பெருக்கல் குணத்தை மறு வருஷமே மார்டெல் நிரூபித்தார். டௌ-வின் மதிப்பு எவ்வளவு பெரிதாகலாம் என்று ராமானுஜன் போட்ட எல்லையை நிரூபிக்க 1974 வரை ஆனது. பெல்ஜியத்துக்காரர் டெலீன் அதற்காக வடிவியலின் உச்சிக்கே ஏறவேண்டியிருந்தது. டௌ எப்போதாவது பூச்சியமாகுமா என்று 1947-ல் லேமர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

ராமானுஜனை விட்டால் நம்ம பக்கத்து ஆள் வேறு யாருமே இல்லையா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பேன். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம் இருக்கிறது. 1901-ல் அங்கே பிறந்தவர் எஸ். எஸ். பிள்ளை. நாகர்கோவில், திருவனந்தபுரம், சென்னை என்று படித்துவிட்டு 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் எடுத்துக்கொண்டது வாரிங் கணக்கு. 1770-ல் இங்கிலாந்தின் வாரிங் சொன்னது: எந்த எண்ணையும் 4 வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், கனங்கள் என்றால் 9 போதும், நான்காம்படி என்றால் 19. எல்லாப் படிக்கும் இப்படி ஒரு போதுமான எண் உண்டு என்று 1909-ல் ஹில்பர்ட் நிரூபித்தார். அந்த எண் என்ன என்று சொல்லவில்லை.

ஆறாம்படியை எடுத்துக்கொள்வோம். 1, 64, அடுத்தது 729. இப்போது 703-ஐ ஆறாம்படிகளால் கட்டுங்கள். 729 பெரிது, ஆகாது. கையில் 64-ம் 1-ம் மட்டும். பத்து 64 போட்டால் 640, மீதி 63, அதற்கு அறுபத்து மூன்று ஒன்றுகள். மொத்தம் 73. ஆக 73 இல்லாமல் முடியாது என்பது ஒரு நிமிஷக் கணக்கு. வேறு எந்த எண்ணுக்கும் 73-க்கு மேல் வேண்டியதில்லை என்று காட்டுவதுதான் மலை. அதை 1940-ல் பிள்ளை ஏறி முடித்தார். அதற்கு முன்பே, 1936-ல், ஏழும் அதற்கு மேலும் உள்ள படிகளுக்கான விடையை ஒரு நிபந்தனையோடு கண்டுபிடித்திருந்தார். அமெரிக்காவில் டிக்சனும் அதே சமயத்தில் தனியாக அதைச் செய்துகொண்டிருந்தார். மீதியிருந்த ஐந்தாம்படியை 1964-ல் சீனாவின் சென் ஜிங்ருன் முடித்தார் (விடை 37). நான்காம்படியின் 19-ஐ 1986-ல் மூன்று பேர் சேர்ந்து முடித்தார்கள், அதில் ஒருவர் பின்னாளில் சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியன்.

அந்த நிபந்தனை எந்தப் படிக்கும் தப்புகிறதா என்பது இன்னும் திறந்த கேள்வி. தப்பினாலும் ஒரு முடிவான எண்ணிக்கைக்கு மேல் தப்பாது என்று 1957-ல் மாலர் நிரூபித்தார். 47 கோடிக்கு மேற்பட்ட படிகள் வரை சோதித்ததில் ஒன்றும் தப்பவில்லை. 1950 ஆகஸ்டில் பிள்ளை பிரின்ஸ்டனில் ஒரு வருஷம் தங்கவும் ஹார்வர்டில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டில் கலந்துகொள்ளவும் கிளம்பினார். கெய்ரோவை அடுத்து விமானம் விழுந்தது. வயது 49. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பிள்ளை பெயரிலேயே ஒரு தீராத கணக்கு இருக்கிறதாமே?

இருக்கிறது, ஆறாம் வகுப்புக்குப் புரியும். வர்க்கம், கனம், நான்காம்படி என்று எல்லா அடுக்கு எண்களையும் ஒரே வரிசையில் எழுதுங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64… எந்த இரண்டுக்கு 1 வித்தியாசம்? 8-ம் 9-ம். வேறு ஜோடியே கிடையாது என்று 1844-ல் கட்டலான் ஊகித்தார். 2002-ல் மிஹைலெஸ்கு நிரூபித்தார். வித்தியாசம் 7 என்றால் 1-8, 9-16, 25-32, 121-128 என்று கிடைக்கும், எங்கேயோ தள்ளி 32761-32768 என்றும் ஒன்று. எந்த வித்தியாசத்தை எடுத்தாலும் அதற்கான ஜோடிகள் ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடும் என்பதே பிள்ளை ஊகம்.

1-ஐத் தவிர வேறு ஒரு வித்தியாசத்துக்கும் இது நிரூபிக்கப்படவில்லை. 2-க்கு 25-27 தெரியும், வேறு உண்டா என்றால் தெரியாது. 6 இன்னும் விசித்திரம், இதுவரை ஒரு ஜோடிகூடக் கிடைக்கவில்லை. தேட ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நான் 6-ஐத்தான் கொடுப்பேன்.

இரட்டைப் பகா எண் கணக்கை ஒரு சீனாக்காரர் தீர்த்துவிட்டார் என்று வாட்சப்பில் வந்ததே?

பாதி உண்மை. 11-13, 17-19, 29-31 போல 2 வித்தியாசத்தில் வரும் பகா எண் ஜோடிகள் முடிவே இல்லாமல் வருமா என்பது கணக்கு. 2013-ல் யீடாங் ஜாங் நிரூபித்தது, 7 கோடிக்குள் ஏதோ ஒரு வித்தியாசத்தில் ஜோடிகள் முடிவில்லாமல் வரும் என்பதை. 2 எங்கே, 7 கோடி எங்கே என்று சிரிக்காதீர்கள். அதற்கு முன் எந்த எல்லையும் கிடையாது. முடிவிலியிலிருந்து 7 கோடிக்கு இறக்கியதுதான் பெரிய தாண்டல், மீதி இறக்கம் ஒரு வருஷத்துக்குள் 246 வரை வந்துவிட்டது. அங்கேயே நிற்கிறது.

ஜாங் அப்போது ஐம்பதைத் தாண்டியவர், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அதற்கு முன் வேலை கிடைக்காத வருஷங்களில் சாண்ட்விச் கடையில் கணக்குப் பார்த்திருக்கிறார். கணிதம் இருபது வயதுக்காரர்களுக்குத்தான் என்று சொல்லும் அப்பாக்களுக்கு இதைச் சொல்வேன்.

ஃபெர்மா ஓரத்தில் எழுதினாரே, அந்த நிரூபணம் நிஜமாகவே அவரிடம் இருந்ததா?

இல்லை என்பது என் கருத்து. வர்க்கங்களில் 3² + 4² = 5² வரும், கனத்துக்கும் அதற்கு மேலும் அப்படி வராது என்று 1637 வாக்கில் ஒரு புத்தகத்தின் ஓரத்தில் குறித்து, நிரூபணம் எழுத இடம் போதவில்லை என்றார். அதன் பிறகு 28 வருஷம் உயிரோடு இருந்தும் பொதுவான நிரூபணத்தைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. நான்காம்படிக்கு மட்டும் ஒரு நிரூபணம் விட்டுப் போனார், அது சரி.

1993 ஜூனில் ஆண்ட்ரூ வைல்ஸ் கேம்பிரிட்ஜில் நிரூபணத்தை அறிவித்தார். உலகமே கைதட்டிய பிறகு சரிபார்த்தவர்கள் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் தவித்து, தன் பழைய மாணவர் டெய்லரையும் சேர்த்துக்கொண்டு, 1994 செப்டம்பரில் அடைத்தார். 1995-ல் அச்சான அந்த வேலை 20-ஆம் நூற்றாண்டுக் கருவிகள் இல்லாமல் முடியாதது.

பத்து லட்சம் டாலரை வேண்டாம் என்றாராமே, பைத்தியமா?

பெரெல்மான், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்காரர். 1904-ல் புவான்காரே கேட்டதை 2002, 2003-ல் மூன்று கட்டுரைகளை இணையத்தில் போட்டு முடித்தார். 2006-ல் கணிதத்தின் பெரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை வாங்கவில்லை, 2010-ல் பணத்தையும் வாங்கவில்லை. தனக்கு வழிபோட்ட ஹாமில்டனின் பங்கும் தன்னதுக்குக் குறைந்ததில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அதில் எனக்குப் பைத்தியம் ஒன்றும் தெரியவில்லை.

இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

எண் கோட்பாடு எதற்கும் உதவாது என்று ஹார்டி பெருமையாகவே சொன்னார். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் மூவரும் இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி ரகசியம் காக்கும் முறையை வெளியிட்டார்கள். பெருக்குவது நொடி வேலை, பெருக்கிய எண்ணைத் திரும்பப் பிரிப்பது மலை. இணையத்தில் ரகசியமாகத் தகவல் அனுப்ப இது பரவலாகப் புழங்கியது.

ஆனால் பிரிப்பது கஷ்டம் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. சுலபமான வழியை யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். போட்டு முடித்த சுடோகுவைச் சரிபார்ப்பது சுலபம், போடுவது கஷ்டம். சரிபார்க்கச் சுலபமான எல்லாமே போடவும் சுலபம்தானா என்ற 1971-ஆம் வருஷக் கேள்வி கிளே பட்டியலில் இருக்கிறது. ‘ஆம்’ என்று பதில் வந்தால் இந்த மாதிரிப் பூட்டுகளின் அஸ்திவாரமே ஆடும்.

கம்ப்யூட்டர் போட்ட நிரூபணத்தை எப்படி நம்புவது? இனி ஏஐ-யே போட்டுவிடுமா?

எந்த வரைபடத்துக்கும் நான்கு நிறம் போதும் என்ற 1852-ஆம் வருஷக் கணக்கை 1976-ல் ஆப்பெலும் ஹாக்கனும் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் கணினியை ஓட்டி நிரூபித்தபோது பலர் முகம் சுளித்தார்கள். மனிதன் படிக்க முடியாததை எப்படி ஒத்துக்கொள்வது? பழக்கடையில் சாத்துக்குடி அடுக்குகிற விதமே இடத்தை மிச்சப்படுத்துவதில் சிறந்தது என்ற கெப்ளர் ஊகம் (1611) 1998-ல் ஹேல்ஸ் கையில் தீர்ந்தபோதும் இதே தகராறு. ஒவ்வொரு தர்க்கப் படியையும் சரிபார்க்கவென்றே எழுதிய மென்பொருளில் நான்கு நிறத் தேற்றத்தை 2005-லும் கெப்ளரை 2014-லும் ஏற்றி முடித்தார்கள். அதன் பிறகு சத்தம் அடங்கிவிட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவும். கோல்ட்பாக் விஷயத்தில் கணினி முடிவில்லாத பட்டியலில் ஒரு துண்டைத்தான் பார்த்தது. நான்கு நிறத்தில் முதலில் மனிதர்கள் முடிவில்லாத வரைபடங்களைச் சுமார் 1,900 வகையாகச் சுருக்கிக் கொடுத்தார்கள், அத்தனையையும் கணினி பார்த்தது. அதனால் இது நிரூபணம், அது சோதனை. ஏஐ 2024-ல் பள்ளி மாணவர்களுக்கான உலக ஒலிம்பியாடின் ஆறு கணக்கில் நான்கைப் போட்டது. அவை விடை உண்டு என்று தெரிந்து கேட்கப்பட்ட கணக்குகள்.

கணக்கில் சரி, தப்பு இரண்டுதானே? நிரூபணம் சரியா என்பதில் எப்படிச் சண்டை வரும்?

வந்திருக்கிறது. ஏபிசி ஊகம் என்று 1985-ல் முன்வைக்கப்பட்ட ஒன்று, a + b = c என்ற கூட்டலில் வரும் மூன்று எண்களின் பகா காரணிகளைப் பற்றியது. அது உண்மையானால் பிள்ளை ஊகமும் கூடவே உண்மையாகிவிடும். 2012-ல் கியோட்டோவின் மொசிசூகி 500 பக்கத்துக்கு மேல் எழுதி நிரூபித்துவிட்டதாக இணையத்தில் வைத்தார். 2018-ல் ஜெர்மனியின் கணிதர்கள் ஷோல்ட்சும் ஸ்டிக்சும் நேரில் போய் ஒரு வாரம் பேசிவிட்டு வந்து, 3.12 என்று எண்ணிட்ட ஒரு துணைத் தேற்றத்தில் வாதம் நிற்கவில்லை என்று எழுதினார்கள். அவர்களுக்குப் புரியவில்லை என்றார் மொசிசூகி. 2021-ல் அவர் நிறுவனத்தின் ஆய்விதழிலேயே அச்சானது. உலகில் பெரும்பாலோர் ஏபிசியைத் தீராத கணக்காகவே வைத்திருக்கிறார்கள். நிரூபணம் என்பது படிக்கிறவரை நம்பவைக்க வேண்டிய பொருள். எழுதியவர் மட்டும் நம்பினால் ஆகாது.

தீர்க்கவே முடியாது என்று நிரூபித்த கணக்கு உண்டா? கோல்ட்பாக்கும் அப்படி இருந்தால்?

உண்டு. போதுமான வலுவுள்ள, முரணில்லாத எந்த விதித்தொகுப்பிலும் அதற்குள் நிரூபிக்கவும் மறுக்கவும் முடியாத கூற்றுகள் இருக்கும் என்று 1931-ல் கோடல் காட்டினார். ஹில்பர்ட்டின் முதல் கணக்கே அப்படி ஆனது. முழு எண்களின் முடிவிலிக்கும் மெய்யெண்களின் முடிவிலிக்கும் நடுவில் வேறொரு முடிவிலி உண்டா என்ற கேள்வி அது. வழக்கமான விதிகளால் ‘உண்டு’ என்று நிரூபிக்க முடியாது என்பது கோடலின் வேலையிலிருந்தும், ‘இல்லை’ என்றும் நிரூபிக்க முடியாது என்பது 1963-ல் கோஹனிடமிருந்தும் வந்தது.

கோல்ட்பாக் அப்படி இருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். அது பொய் என்றால் எங்கேயோ ஓர் இரட்டை எண் தப்பியிருக்க வேண்டும். அந்த எண்ணை எடுத்து ஒவ்வொரு ஜோடியாகச் சரிபார்த்தாலே பொய் என்று நிரூபணமாகிவிடும். ஆகவே மறுக்க முடியாது என்று தெரிந்த அந்தக் கணமே அது உண்மை என்று தெரிந்துவிடும். இதைச் சொன்னால் மேஜையில் ஐந்து நிமிஷம் அமைதி, பிறகு யாராவது ‘இன்னொரு தரம் சொல்லுங்க சார்’ என்பார்கள்.

நான் கோல்ட்பாக்கைத் தீர்த்துவிட்டேன். எங்கே அனுப்பவேண்டும்?

முதலில் கொஞ்சம் வரலாறு. 1908-ல் ஃபெர்மா கணக்குக்கு ஒரு லட்சம் மார்க் பரிசு அறிவித்ததும் ஜெர்மனியின் கோட்டிங்கனுக்கு ஒரே வருஷத்தில் 600-க்கு மேல் நிரூபணங்கள் வந்து குவிந்தன, எல்லாம் தப்பு. அங்கிருந்த லாண்டாவ், ‘முதல் பிழை … பக்கத்தில் … வரியில்’ என்று அச்சடித்த அட்டை வைத்திருந்தார், எண்ணை மட்டும் மாணவர் நிரப்பி அனுப்புவார். நான் அட்டை அடிக்கவில்லை. அனுப்பும் முன் நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன்.

வங்கியில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் 80 பக்க நோட்டோடு வந்தார். அழகான கையெழுத்து, சிவப்பு மையில் அடிக்கோடு. மூன்றாம் பக்கத்தில் வாதத்தின் உயிர் இருந்தது: ஓர் இரட்டை எண்ணைப் பிரிக்க இத்தனை ஜோடி, பகா எண்கள் இத்தனை, இவ்வளவு அடர்த்தியாக இருக்கும்போது ஏதாவது ஒரு ஜோடியில் இரண்டும் பகா எண்ணாக அமைந்தே தீரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நான் அவரிடம், 3-ஆல் வகுத்தால் 2 மீதி வருகிற பகா எண்களை எல்லாம் அடித்துவிடச் சொன்னேன். 2, 5, 11, 17, 23, 29 போயின. 3, 7, 13, 19, 31, 37 மிஞ்சின. ஏறக்குறைய பாதி போச்சு, பாதி இருக்கிறது. உங்கள் வாதப்படி ஜோடிகள் குறையலாம், ஆனால் பெரிய எண்களுக்குச் சிலவாவது இருக்கவேண்டும் இல்லையா என்றேன். இருக்கணும் என்றார்.

30-ஐ எடுத்தோம். 7 + 23, 11 + 19, 13 + 17 என்று மூன்று ஜோடி. மூன்றிலும் ஒவ்வொன்று அடிபட்டுப்போனது. 36, 42, 60 என்று போட்டுக்கொண்டே போனார், எதற்கும் ஒரு ஜோடிகூட மிஞ்சவில்லை. 3-ஆல் வகுத்தால் 1 மீதி வரும் இரண்டைக் கூட்டினால் 2 மீதிதான் வரும், 3-ன் மடங்கு எப்படி வரும்? அடர்த்தியை மட்டும் வைத்துக்கொண்டு பேசும் எந்த நிரூபணமும் இந்தப் பாதிப் பட்டியலில் பொய்யான ஒன்றையும் சேர்த்து நிரூபித்துவிடும். பெரியவர் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். ‘அப்போ மூணாம் பக்கத்திலேர்ந்து திரும்ப வரணும்’ என்று மூடிக்கொண்டு போனார். போன வாரம் பார்த்தேன், இரண்டாவது நோட்டு வாங்கியிருக்கிறார்.